குழந்தை மாடல் ஏஜென்சி: பணம் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழில்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் ஊறுகாய், தையல், டியூஷன் வரிசையில் இப்போது 'கிட்ஸ் மாடலிங் ஏஜென்சி'யும் இடம் பிடித்துவிடுகிறது. ஒரு செல்போன், ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம், ஒரு வாட்ஸ்அப் குழு போதும் என்கிறார்கள். முதலீடு குறைவு என்பது உண்மைதான். அந்தக் குறைவுதான் தொழிலைக் கெடுத்தும் வைத்திருக்கிறது. திருப்பூர், ஈரோடு, கோவைப் பக்கத்து ஆடை நிறுவனங்களின் கேட்டலாக் ஷூட்டுகளுக்கு (விற்கும் துணிகளின் படத் தொகுப்புக்குப் படம் எடுப்பது) பிள்ளைகளை ஏற்பாடு செய்து கொடுக்கும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். புதிதாக இறங்க நினைப்பவர்களுக்கும், பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று இதை எழுதுகிறோம்.

முதல் கேள்வி, ஏஜென்சிக்குப் பணம் யார் தருகிறார்கள் என்பது. விளம்பரம் கொடுக்கும் நிறுவனம் தரும் சம்பளத்தில் ஒரு பங்கு, நூற்றுக்கு இருபது என்று வைத்துக்கொள்ளலாம், அதுதான் ஏஜென்சியின் வருமானம். பதிவுக் கட்டணம், போர்ட்ஃபோலியோ (பட ஆல்பம்) கட்டணம், 'கிரூமிங்' (நடை, உடை, தோரணை பழக்கும்) வகுப்பு, ராம்ப் வாக் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் என்று பெற்றோரிடமிருந்து பணம் வரத் தொடங்கிவிட்டால் பிள்ளைக்கு வேலை தேடித்தர வேண்டிய அவசியமே ஏஜென்சிக்கு இல்லாமல் போய்விடும். ஒரு மாதம் முழுக்க ஒரு ஷூட்கூட நடக்கவில்லை, ஆனாலும் ஏஜென்சிக்கு வருமானம் வந்தது என்றால் அங்கே நடப்பது மாடலிங் தொழில் இல்லை.

போர்ட்ஃபோலியோ என்று ஆல்பம் போட்டுக் கொடுப்பதில் இன்னொரு அபத்தமும் உண்டு. நான்கு வயதிலிருந்து பத்து வயதுவரை ஒரு பிள்ளை ஆண்டுக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வளரும். ஆறு, ஏழு வயதில் முன்பற்கள் விழும். ஜனவரியில் ஆயிரக்கணக்கில் செலவழித்து எடுத்த படம் ஆடி மாதத்தில் வேறொரு பிள்ளையின் படம். நிறுவனங்களும் அந்த ஆல்பத்தைக் கேட்பதில்லை. அவர்கள் கேட்பது 'டிஜிட்டல்ஸ்': மேக்கப் இல்லாமல், வெறும் சுவர் முன்னால், சமீபத்தில் எடுத்த ஆறு படம். இதை வீட்டிலேயே எடுக்கலாம்.

எடுக்கும் முறை இதுதான். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள், வெயில் நேரடியாக விழாத ஜன்னல் பக்கம் முகம் பார்க்கும்படி பிள்ளையை நிறுத்துங்கள். பின்னால் வெள்ளைச் சுவர், அல்லது சுருக்கம் இல்லாத வெள்ளை வேட்டி. சுவரை ஒட்டி நிறுத்தினால் நிழல் விழும், மூன்றடி தள்ளி நிற்கட்டும். போனைப் பிள்ளையின் மார்பு உயரத்துக்கு இறக்குங்கள். நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் வரும். இரண்டு மீட்டராவது தள்ளி உட்கார்ந்து கேமராவில் 2x (இரு மடங்கு பெரிதாக்கும் அளவு) வைத்து எடுங்கள், கிட்டப் போய் எடுத்தால் மூக்கும் நெற்றியும் பிதுங்கித் தெரியும். பல போன்களில் முகத்தை மெருகேற்றும் 'பியூட்டி' வசதி தானாகவே ஆனில் இருக்கும், அதை அணைக்க மறக்க வேண்டாம். முகம் சிரிக்காமல் ஒன்று, பல் தெரியச் சிரித்து ஒன்று, இடது பக்கம், வலது பக்கம், முழு உருவம் முன்னால், முழு உருவம் பின்னால். எழுத்தோ படமோ இல்லாத, உடம்போடு ஒட்டிய டி-ஷர்ட். பவுடர், மை, பொட்டு, பூ எதுவும் வேண்டாம். இந்த இடத்தில்தான் அம்மாக்களுக்கு மனசு கேட்காது, "கொஞ்சூண்டு பவுடர் மட்டும்" என்பார்கள். அந்தக் கொஞ்சூண்டு பவுடர் ஜன்னல் வெளிச்சத்தில் கழுத்துக்கு ஒரு நிறம், முகத்துக்கு ஒரு நிறம் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

கூடவே முப்பது விநாடி வீடியோ ஒன்று: பெயர், வயது, பேசும் மொழிகள், கைகளின் இரு பக்கம். சில நிறுவனங்கள் பொம்மை, பிஸ்கட் விளம்பரத்துக்குக் கைகளை மட்டும் பார்த்துத் தேர்வு செய்வதுண்டு.

அளவு எடுப்பதில்தான் புதியவர்கள் அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். கேட்டலாக் ஷூட்டுக்கு வரும் சாம்பிள் துணி பெரும்பாலும் ஒரே சைஸில்தான் வரும். குழந்தைகள் ரெடிமேடில் 20, 22, 24, 26 என்று இரட்டைப்படையில் போகும் சைஸ்களில் 26 வருகிறது என்று வையுங்கள். அம்மா மூன்று மாதத்துக்கு முன் சொன்ன அளவை நம்பி அனுப்பிய பிள்ளை இன்று 28-க்கு வளர்ந்திருந்தால் அன்றைய ஷூட் போச்சு. தொளதொள என்று இருந்தால் ஸ்டைலிஸ்ட் முதுகுப்பக்கம் நாலு கிளிப் போட்டு முன்னால் கச்சிதமாகக் காட்டிவிடுவார். இறுக்கமாக இருந்தால் செய்ய ஒன்றுமில்லை, தோளில் இழுக்கும், பட்டன் இடைவெளி வாய் திறக்கும். சந்தேகம் வந்தால் சின்ன உருவமுள்ள பிள்ளையை அனுப்புவதே புத்திசாலித்தனம். உயரம் எடுக்கும்போது செருப்பில்லாமல், குதிகால் சுவரில் ஒட்டி, தலைமேல் கெட்டி அட்டைப் புத்தகத்தைப் படுக்கையாக வைத்துப் பென்சிலால் கோடு போட்டு அளக்க வேண்டும். உயரம், மார்பு, இடுப்பு, தோள், கைநீளம், உள்கால் நீளம், பாத நீளம் என்று ஏழு அளவு, அளந்த தேதியோடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பல் விழுந்த தேதியையும் முடி வெட்டிய தேதியையும் அதே தாளில் குறித்துவையுங்கள். குலதெய்வம் கோயிலில் மொட்டை போடும் தேதி ஷூட்டுக்கு முந்தின வாரம் வந்து நிற்பது நம் ஊரில் அபூர்வமில்லை.

எத்தனை பிள்ளைகள்? ஐந்நூறு பேர் பதிவு செய்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்பவரிடம் சரியான அளவு இருபது பேருக்குக்கூட இருக்காது. தனியாக ஆரம்பிப்பவர் முப்பது பேருக்கு மேல் எடுக்க வேண்டாம். 3–5, 6–8, 9–12, 13–17, 18–24 என்று பிரித்து ஒவ்வொன்றிலும் ஆறு பேர் இருந்தால் போதும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயரை ஜனவரியிலிருந்து பொதுத்தேர்வு முடியும்வரை பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். வேலை வரும் காலமும் சீரானதில்லை. தீபாவளித் துணிக்கான ஷூட் ஆடி, ஆவணியிலேயே முடிந்துவிடும், பள்ளிச் சேர்க்கை விளம்பரங்கள் ஜனவரியில் தொடங்கும், நடுவில் சில வாரங்கள் போன் மணியே அடிக்காது. அந்த வாரங்களில்தான் கட்டணம் வாங்கும் ஆசை வரும். நிறுவனங்களை நேரே தேடிப் போவதைவிட கேட்டலாக் எடுக்கும் போட்டோகிராபர்கள் இருபது பேரின் பட்டியலைத் தயார்செய்து, மாதம் ஒருமுறை பிள்ளைகளின் விவரமுள்ள ஒரு பக்க பி.டி.எஃப். அனுப்புவது பலன் தரும்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் விற்கும் பாவாடை சட்டைக்கும் பட்டு வேட்டிக்கும் கேட்கும் பிள்ளைகளின் குறிப்பில் 'ஃபேர்' என்ற சொல் இன்னும் வருகிறது. மாநிறமும் கறுப்புமாக இருக்கும் பிள்ளைகளையும் பட்டியலில் சேர்த்தே அனுப்புவது என்று ஏஜென்சி முதல் நாளே முடிவு செய்துகொள்ள வேண்டும். பல நேரம் கேட்டவரே அந்தப் பிள்ளையைத் தேர்ந்தெடுப்பார். மஞ்சளும் மெரூனும் எந்த மேனி நிறத்தில் எடுப்பாகத் தெரியும் என்று துணி விற்பவருக்குத் தெரியாதா என்ன!

சட்டத்துக்கு வருவோம். பலருக்குத் தெரியாமலும், தெரிந்தவர்கள் பேசாமலும் இருப்பது இந்தப் பகுதிதான். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபோது 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு அமர்த்துவது முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது. குடும்பத் தொழிலில் உதவுவதற்கும், விளம்பரம், சினிமா, சீரியல் போன்றவற்றில் கலைஞராகப் பங்கேற்பதற்கும் மட்டும், படிப்பு கெடாது என்ற நிபந்தனையோடு விலக்கு உண்டு. கலைஞராகப் பங்கேற்பதற்கான நிபந்தனைகள் 2017-ஆம் ஆண்டு விதிகளில் இருக்கின்றன. ஷூட் நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்அனுமதி பெற வேண்டும். படிவம் 'சி'-யில் உறுதிமொழி, பங்கேற்கும் பிள்ளைகளின் பட்டியல், பெற்றோர் சம்மதம், பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரின் பெயர் ஆகியவற்றையும் கொடுக்க வேண்டும். உறுதிமொழி ஆறு மாதம் செல்லும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வேலை கூடாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். பிள்ளைக்கு விருப்பமில்லை என்றால் பங்கேற்க வைக்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைப் பிள்ளை பெயரில் தேசியமயமான வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும், அது 18 வயது முடிந்த பிறகுதான் கைக்கு வரும்.

அனுமதி வாங்குவது தயாரிப்பாளரின் வேலை, நமக்கென்ன என்று ஏஜென்சிகள் விட்டுவிடுகின்றன. அனுமதி நகல் வாட்ஸ்அப்பில் வந்த பிறகுதான் கால் டைமை (பிள்ளை ஷூட்டுக்கு வர வேண்டிய நேரத்தை) உறுதி செய்வது என்று ஒரு வழக்கம் வைத்தால் போதும், நிறுவனமே ஓடிப்போய் வாங்கும். 'ஸ்டில் ஷூட்டுதானே, வீடியோ இல்லையே' என்று வாதிடுபவர்களும் உண்டு. சட்டப் பிரிவில் விளம்பரம் என்ற சொல்லே இருக்கிறது. அந்த வாதத்தை நம்பிப் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

ஐந்து மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதில் சண்டை வரும். முதல் ஷாட்டிலிருந்து என்பார்கள். ஸ்டுடியோ வாசலில் கால் வைத்த நேரத்திலிருந்து எண்ணுவதுதான் எங்கள் வழக்கம், ஏனென்றால் மேக்கப் நாற்காலியில் ஒன்றரை மணி நேரம் உட்காருவதும் பிள்ளைக்கு வேலைதான். 14 முடிந்து 18 ஆகாதவர்களுக்குக் கணக்கு வேறு. மூன்று மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர இடைவேளை, இடைவேளையும் காத்திருப்பும் சேர்த்து மொத்தம் ஆறு மணி நேரம், இரவு 7 முதல் காலை 8 வரை வேலை இல்லை, ஓவர்டைம் இல்லை. 'சன்ரைஸ் ஷாட்' என்று காலை ஐந்தரைக்குக் கூப்பிட்டால் 18 முடிந்தவரைத்தான் அனுப்ப முடியும்.

ஒப்பந்தம் பிள்ளையோடு போடக் கூடாது. மைனர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் மொஹோரி பீபி வழக்கில் சொன்னதிலிருந்து மாறாத நிலை. பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர்தான் கையெழுத்திட வேண்டும். பெற்றோர் பிரிந்திருந்தால் பிள்ளை யார் பொறுப்பில் என்ற நீதிமன்ற உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள், சங்கடப்பட வேண்டாம். ஓர் ஆண்டு, முப்பது நாள் முன்னறிவிப்பில் யார் வேண்டுமானாலும் விலகலாம், வேறு ஏஜென்சியிலும் பெயர் கொடுக்கலாம் என்று இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதினாலே போதும். மூன்றாண்டு விலகக் கூடாது, விலகினால் நஷ்டஈடு என்று ஆங்கிலத்தில் பன்னிரண்டு பக்கம் நீட்டுபவரிடம் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டாம்.

பணம் அதிகம் ஒழுகும் ஓட்டை, படத்தைப் பயன்படுத்த அனுமதி தரும் ரிலீஸ் ஃபார்மில்தான் இருக்கிறது. 'எல்லா ஊடகங்களிலும், உலகெங்கும், நிரந்தரமாக' என்று அச்சடித்த தாளை ஸ்டுடியோவில் கடைசி நிமிடத்தில் நீட்டுவார்கள். கேட்டலாக்குக்கு என்று ஒரு நாள் சம்பளம் கொடுத்து எடுத்த படம் அடுத்த வாரம் மதுரை பைபாஸ் ஹோர்டிங்கில் நிற்கும். எந்தப் பொருள், எந்த ஊடகம், எந்தப் பகுதி, எத்தனை மாதம் என்ற நான்கையும் ஷூட்டுக்கு முன்பே மின்னஞ்சலில் எழுதி வாங்க வேண்டும். ஹோர்டிங், டி.வி., பாக்கெட் மேல் அச்சிடுவது ஆகியவை தனித்தனிக் கட்டணம். ஒரு பிள்ளை ஒரு ஹெல்த் டிரிங்க் பாட்டிலில் இருந்தால் போட்டி நிறுவனம் அந்தப் பிள்ளையைத் தொடாது, அந்த இழப்புக்கும் சேர்த்துத்தான் விலை. இப்போது புதிதாக ஒரு வரி கட்டாயம் சேர்க்க வேண்டும்: இந்தப் படங்களை வைத்து செயற்கை நுண்ணறிவு மூலம் புதுப் படமோ வீடியோவோ உருவாக்கக் கூடாது. ஒரே நாள் சம்பளத்தில் அடுத்த சீசன் துணியையும் அதே முகத்துக்கு மாட்டிவிடும் வசதி நிறுவனங்களிடம் வந்துவிட்டது.

கணக்கு வழக்கு. உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். அரசுத் தளம் மாதிரியே தோற்றமளித்துக் கட்டணம் கேட்கும் தளங்களில் சிக்க வேண்டாம். முதல் பில்லுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு நிறுவனச் சட்டப்படி பணம் அதிகபட்சம் 45 நாளில் வர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. பணம் நின்ற பிறகு பதிவு செய்தால் பழைய பில்லுக்கு அது செல்லுமா என்ற வழக்கில் மாட்டிக்கொள்ள நேரும். பில் போடும்போது பிள்ளையின் சம்பளத்தையும் ஏஜென்சி கமிஷனையும் சேர்த்து ஒரே தொகையாகப் போடாதீர்கள். வேலைக்கு 25,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 80 வேலை செய்தால் மொத்தம் 20 லட்சம், அதாவது சேவைக்கான ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு. அதில் உங்கள் கையில் நிற்கும் கமிஷன் 4 லட்சம்தான். டி.டி.எஸ்.-ஸும் (பணம் தருபவரே பிடித்துக்கொள்ளும் வருமான வரி) முழுத் தொகைக்கும் உங்கள் பான் எண்ணில் பிடிக்கப்பட்டு, பிள்ளையின் கணக்கில் ஒன்றும் தெரியாது. பிள்ளையின் சம்பளம் நேரே பிள்ளையின் வங்கிக் கணக்குக்கும், கமிஷன் தனி பில்லில் உங்களுக்கும் வரும்படி செய்யுங்கள். மைனருக்கும் பான் கார்டு கிடைக்கும். தன் திறமையால் பிள்ளை சம்பாதித்த பணம் பெற்றோர் வருமானத்தோடு சேராது, பிள்ளை பெயரிலேயே கணக்கிடப்படும். 20 விழுக்காடு வைப்புத்தொகையைக் கமிஷன் கழிப்பதற்கு முந்தைய தொகையில் கணக்கிடுவது நல்லது: 10,000 ரூபாய் என்றால் 2,000.

வாங்கக் கூடாத வேலைகளும் உண்டு. குழந்தைப் பால் பவுடர், பால் புட்டி, இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான உணவு ஆகியவற்றை விளம்பரம் செய்வதையே 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது, டப்பாவில் குழந்தைப் படம் போடவும் கூடாது. "லோக்கல் பிராண்டுதான், ஒரு பாப்பா படம் மட்டும்" என்று கேட்டு வருவார்கள். இல்லை என்று சொல்லிவிடுங்கள். மற்றபடி கைக்குழந்தை வேண்டும் என்று கேட்டால் ஒரு குழந்தைக்கு இரண்டு குழந்தையாக அனுப்புங்கள். தூங்கிவிடும், அழும், பால் குடிக்கும், அதற்குக் கால்ஷீட் தெரியாது. இரண்டு குழந்தைக்கும் சம்பளம் உண்டு என்பதை முன்பே பேசிவிட வேண்டும்.

ஸ்டுடியோவில் பெற்றோரில் ஒருவர் பிள்ளையைப் பார்க்கும் தூரத்தில் இருக்க வேண்டும். "பிள்ளை அம்மாவைப் பார்த்தால் நடிக்க மாட்டான், வெளியே உட்காருங்கள்" என்றால் மானிட்டர் அருகில் உட்கார வையுங்கள், வெளியே அல்ல. உடை மாற்றும் இடத்தில் பெற்றோர் தவிர யாரும் பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. உள்ளாடை, நீச்சலுடை ஷூட்டுக்கு 18 வயதுக்கு உட்பட்டவர்களை நாங்கள் அனுப்புவதில்லை, துணியை மட்டும் படம் எடுத்தாலே விற்கும். பாலியல் ரீதியாகத் தவறு ஏதும் நடந்ததாகத் தெரியவந்தால் காவல்துறையிடம் சொல்ல வேண்டியது போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும்) சட்டப்படி கட்டாயம், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் சொல்லலாம். நிறுவனத்தோடு பேசி முடித்துக்கொள்வதும், வாடிக்கையாளர் போய்விடுவார் என்று மூடி மறைப்பதும் ஏஜென்சி நடத்துபவரையே குற்றவாளி ஆக்கும்.

கடைசியாகப் படங்கள். வாட்ஸ்அப் குழுவில் பிள்ளைகளின் படங்களைக் கொட்டி "யாருக்கு வேண்டும்" என்று கேட்பதை நிறுத்த வேண்டும். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தைக் கேட்கிறது. ஏஜென்சி பெயர் குறுக்கே பதித்த பி.டி.எஃப். மட்டும் அனுப்புங்கள். அதில் முதல் பெயர், வயது, அளவுகள், ஏஜென்சியின் போன் எண் இருந்தால் போதும். பள்ளிச் சீருடை, பள்ளிப் பெயர், வீட்டு வாசல் எதுவும் படத்தில் வேண்டாம். போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம், அனுப்பும் முன் அதை நீக்குங்கள்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். 'குழந்தை மாடல்கள் தேவை, வயது 3 முதல் 15' என்ற வரி விளம்பரங்களை ஏற்கும்போது, பெற்றோரிடம் எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை என்ற உறுதியையும் அலுவலக முகவரியையும் விளம்பரதாரரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, இரண்டையும் விளம்பரத்திலேயே அச்சிட வேண்டும். மாவட்ட ஆட்சியர்களுக்கும் ஒன்று: படிவம் 'சி'-யை எந்தப் பிரிவில், யாரிடம் கொடுப்பது என்று அலுவலகப் பலகையில் ஒரு வரி எழுதிவையுங்கள். தீபாவளி ஷூட்டுகள் தொடங்கும் ஆடிக்கு முன்பே எழுதிவிட்டால் இந்த ஆண்டே பயன்படும்.

இப்படிக்கு,
விளம்பர மாடல் ஒருங்கிணைப்பாளர்கள் சிலர்,
கோவை – திருப்பூர்